செல்ஃப் எடுக்காத வண்டி

சாவியைத் திருப்பியும் ஓடாத காரைப் பற்றி மெக்கானிக்குக்குப் போன் செய்கிறவர்கள் "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். மறுமுனையில் இருப்பவர் விவரம் தெரிந்தவராக இருந்தால் உடனே கேட்பது ஒன்றுதான்: "செல்ஃப் அடிக்குதுங்களா?" அந்தக் கேள்விக்கு வரும் பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். செல்ஃப் அடித்து எஞ்சின் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் எரிபொருள், தீப்பொறி, காற்று, சென்சார் என்று ஒரு பக்கமாகத் தேடிப் போகலாம். எஞ்சின் அரைச் சுற்றுக்கூடச் சுழலவில்லை என்றால் டேங்கில் டீசல் இருக்கிறதா, பிளக் அழுக்கா என்ற பேச்சுக்கே இடமில்லை. எஞ்சினைச் சுழற்றிவிடும் செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்சாரம் வழியில் எங்கோ நின்றுபோயிருக்கிறது, அல்லது எஞ்சினே இறுகிக் கிடக்கிறது. இங்கே பேசப்போவது இந்த இரண்டாவது வகை வண்டிகளைப் பற்றித்தான்.

சேலம் சீலநாயக்கன்பட்டியைத் தாண்டி 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் நாமக்கல் நோக்கிப் போனால் ஆண்டகளூர் கேட், புதுச்சத்திரம், புதன்சந்தை என்று சாலையோரம் நெடுகிலும் தகரக் கொட்டகைகள். அவற்றில் பேட்டரி சார்ஜ் போடுகிறவரும், செல்ஃப் மோட்டாரையும் டைனமோவையும் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியனும் இல்லாத ஊர் குறைவு. இந்தச் சமவெளியே வண்டிகளை நம்பி வாழ்வது. நாமக்கல் லாரிக்குப் பாடி கட்டும் ஊர். சங்ககிரியும் லாரிக்காரர்களின் ஊர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் போர் போடாத மாநிலம் அரிது. முட்டை லோடு ஏற்றிய வண்டி காலையில் எடுக்கவில்லை என்றால் அன்றைய கணக்கே புரண்டுவிடும் என்பதால், எடுக்காத வண்டியை எடுக்க வைப்பது இங்கே தனித் தொழிலாகவே வளர்ந்தது.

இந்தத் தொழிலில் தேர்ந்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்துக் காட்டுவது ஒரு பழக்கம். மற்றவர்கள் முதலில் பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். தேர்ந்தவர் பேட்டரியிலிருந்து மோட்டார் வரைக்கும், மோட்டாரிலிருந்து திரும்பப் பேட்டரி வரைக்கும் ஒரு வட்டம் இருப்பதை மறக்கமாட்டார். "போன மாசந்தானுங்க புது பேட்டரி போட்டேன், மறுபடியும் அதே கதை" என்று வருகிற வண்டிகளில் பேட்டரியின் மேல் பிழை இருக்காது. 40 ரூபாய் கிளாம்ப் ஒன்றோ, பெயின்டுக்கு மேல் முடுக்கிய எர்த் போல்ட் ஒன்றோ அந்தப் புது பேட்டரியையும் பழையது போலக் காட்டிக்கொண்டிருக்கும்.

இது ஏன் என்று விளங்க வேண்டுமானால் எஞ்சினைச் சுழற்றுவது எத்தனை பெரிய வேலை என்று பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தன் சிலிண்டருக்குள் வந்த கலவையை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நசுக்குகிறது. டீசல் எஞ்சின் காற்றைப் பதினாறில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்கும். இந்த எதிர்ப்பை மீறி நிமிடத்துக்கு 150, 200 சுற்றாவது சுழற்றினால்தான் எஞ்சின் தானாகப் பிடித்துக்கொள்ளும். டீசலுக்கு இந்த வேகம் இன்னும் முக்கியம்; மெதுவாகச் சுழன்றால் நசுக்கப்பட்ட காற்றின் சூடு சிலிண்டர் சுவரிலேயே கரைந்துபோய், பீய்ச்சிய டீசல் பற்றாமல் வெள்ளைப் புகையாக வெளியேறும்.

ஒரு காலத்தில் இதை மனிதக் கை செய்தது. அம்பாசடர் காரின் முன்பக்க ஓட்டையில் ஹேண்டிலைச் செருகிச் சுற்றியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு சேர்த்தே வைக்க வேண்டும், சுற்றி மடக்கக் கூடாது என்பது அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் பாடம். எஞ்சின் நேரம் தவறிப் பற்றினால் ஹேண்டில் எதிர்த்திசையில் உதைக்கும். மடங்கிய கட்டை விரல் முறிந்துவிடும். அமெரிக்காவில் இந்த உதையில் கை முறிந்தவர்கள் ஏராளம். அங்கே சார்லஸ் கெட்டரிங் என்ற பொறியாளர் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் அவர் கடைகளில் பணம் போடும் கல்லாப் பெட்டிக்கு மோட்டார் பொருத்தியவர். கல்லாவைத் திறக்க ஒரு நொடி பலம் போதும். அந்த ஒரு நொடிக்கு ஒரு சின்ன மோட்டாரிடம் அதன் சக்திக்கு மீறிய வேலையை வாங்கலாம், அது சூடாவதற்குள் வேலை முடிந்துவிடும் என்பது அங்கே அவர் கண்டது. காரிலும் அதையே செய்தார்.

இன்றைய செல்ஃப் மோட்டாரும் அந்த யோசனையில்தான் ஓடுகிறது. சின்னக் காரின் செல்ஃப் மோட்டார் ஏறக்குறைய 1 கிலோவாட் சக்தி தரும். தோட்டத்துக் கிணற்றில் நாள் முழுக்கத் தண்ணீர் இறைக்கும் ஒன்றரை எச்.பி. மோட்டாருக்கு அது சமம். கிணற்று மோட்டாரை ஒரு ஆள் தூக்கத் திணறுவார். செல்ஃப் மோட்டாரை ஒரு கையில் எடுத்துப் பார்க்கலாம். வித்தியாசம் நேரத்தில் இருக்கிறது. கிணற்று மோட்டார் மணிக்கணக்கில் ஓட வேண்டும், இது சில நொடிகள் மட்டும். பத்து நொடிக்கு மேல் சாவியைப் பிடித்துக்கொண்டிருந்தால் உள்ளே ஆர்மேச்சர் கருகத் தொடங்கும் என்று சொல்வது அதனால்தான். இந்த மோட்டாரின் பல்சக்கரத்தில் பத்துப் பல் இருந்தால் எஞ்சினின் ஃப்ளைவீல் ரிங்கில் நூற்றுக்கு மேல் இருக்கும். மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும்.

வீட்டில் 230 வோல்ட் வருவதால் ஒரு கிலோவாட்டுக்கு நாலரை ஆம்பியர் போதும். காரில் இருப்பதோ 12 வோல்ட். அதே வேலைக்கு 100, 150 ஆம்பியர் ஓட வேண்டும். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் முதல் கணத்தில் இது பல மடங்கு எகிறும். சுழலும் மோட்டார் தானும் ஒரு டைனமோவைப் போல எதிர் வோல்டேஜை உண்டாக்கித் தனக்குள் வரும் கரண்டைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. நிற்கும் மோட்டாரில் அந்தத் தடை கிடையாது. செம்புக் கம்பியின் சொற்பத் தடைதான். ஆகவே சுழலாமல் இறுகிப்போன மோட்டார்தான் பேட்டரியை மிக வேகமாக உறிஞ்சுகிறது. காரில் வேறெந்தச் சாதனமும் கேட்காத கரண்டை இது ஒன்று கேட்கிறது. ஹாரன் அடிக்கிறது, விளக்கு எரிகிறது, பாட்டுப் பாடுகிறது, ஆகவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைப்பது இந்த இடத்தில்தான் தவறிப் போகிறது. ஐந்து ஆம்பியர் கேட்பவனுக்குக் கொடுக்க முடிந்ததை வைத்து, நூறு ஆம்பியர் கேட்பவனுக்கும் கிடைக்கும் என்று முடிவு செய்ய முடியாது.

இனிச் சத்தங்களுக்கு வருவோம். சாவியைத் திருப்பும்போது வரும் சத்தம் ஏறக்குறைய எல்லாவற்றையும் சொல்லிவிடும். கேட்பதற்கு முன் ரேடியோவையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும்.

'டக்டக்டக்டக்' என்று தொடர்ந்து படபடக்கும் சத்தம் எல்லோரும் கேட்டிருப்பது. அது மோட்டாரின் முதுகில் உட்கார்ந்திருக்கும் சோலனாய்டிலிருந்து வருகிறது. சோலனாய்டுக்குள் ஒரு இரும்புத் தண்டும் அதைச் சுற்றி இரண்டு செம்புச் சுருள்களும் உண்டு. ஒன்று இழுக்கும் சுருள், மற்றது பிடித்துவைக்கும் சுருள். சாவி திரும்பியதும் இரண்டும் சேர்ந்து தண்டை இழுக்கின்றன. தண்டு ஒரு முனையில் மோட்டாரின் பல்சக்கரமான பெண்டிக்ஸைத் தள்ளி ஃப்ளைவீல் ரிங்கோடு பல் சேர்க்கிறது; மறுமுனையில் ஒரு செம்புத் தட்டை இரண்டு பெரிய போல்ட்டுகளின் மேல் அழுத்தி மோட்டாருக்குப் பேட்டரியைத் திறந்துவிடுகிறது. தட்டு அழுந்திய அந்தக் கணமே இழுக்கும் சுருளின் இரு முனையும் ஒரே வோல்டேஜுக்கு வந்துவிடுவதால் அது செயலற்றுப் போகும். இனித் தண்டைப் பிடித்துவைப்பது மற்ற சிறிய சுருள் மட்டும். இழுப்பதற்கு அதிக பலமும் பிடித்துவைக்கக் குறைந்த பலமும் போதும் என்பதால் இப்படி ஒரு சிக்கனமான ஏற்பாடு.

பேட்டரி பலவீனமாக இருந்தால் இந்தச் சிக்கனமே ஆட்டம் காட்டும். தண்டை இழுக்கும் அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இருக்கிறது. தட்டு அழுந்துகிறது. மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கேட்கிறது. வோல்டேஜ் சடாரென்று ஏழுக்கும் ஆறுக்கும் கீழே விழுகிறது. பிடித்துவைக்கும் சுருளுக்கு அது போதாது. ஸ்பிரிங் தண்டைத் தள்ளிவிடுகிறது. மோட்டார் அறுந்ததும் பேட்டரிக்கு மூச்சு வந்து வோல்டேஜ் ஏறுகிறது, சுருள்கள் மறுபடி இழுக்கின்றன. ஒரு நொடிக்குப் பலமுறை இது நடக்கிறது. காதில் விழும் ஒவ்வொரு 'டக்'கும் பேட்டரி ஒருமுறை விழுந்து எழுந்ததன் சத்தம். ஆக, படபடப்புக் கேட்டால் சாவி, ரிலே, சோலனாய்டின் இழுக்கும் சுருள் எல்லாம் வேலை செய்கின்றன என்று உறுதியாகச் சொல்லலாம். குறை பெரும்பாலும் பேட்டரியிலோ, அதன் தடித்த கேபிள்களிலோ, மூட்டுகளிலோ.

ஒரே ஒரு கனத்த 'டக்', பிறகு மௌனம் என்றால் கதை வேறு. தண்டு போய் நின்றது, ஆனால் மோட்டார் சுழலவில்லை. செம்புத் தட்டு தீப்பொறிபட்டுக் கருகியிருக்கலாம். கார்பன் பிரஷ் தேய்ந்து ஆர்மேச்சரைத் தொடாமல் நிற்கலாம். மெக்கானிக் ஸ்பேனரால் மோட்டாரின் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டியதும் வண்டி எடுப்பது இப்படிப்பட்ட பிரஷ் கோளாறில்தான்: அதிர்வில் சிக்கிக்கொண்ட பிரஷ் சற்று நழுவி ஆர்மேச்சரைத் தொடும். அந்தத் தட்டு வீடு போய்ச் சேர உதவும், மறுநாளுக்கு உத்தரவாதம் இல்லை. 'விர்ர்' என்று மோட்டார் மட்டும் தனியே சுற்றி, எஞ்சின் அசையாமல் இருந்தால் பெண்டிக்ஸ் வழுக்குகிறது, அல்லது ரிங்கில் பல் போயிருக்கிறது. எந்தச் சத்தமுமே இல்லை என்றால் சாவியிலிருந்து சோலனாய்டுக்கு வரும் மெல்லிய ஒயர் வழியைப் பார்க்க வேண்டும்: ஃப்யூஸ், ரிலே, கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் அடிக்க விடும் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கும் சுவிட்ச், சாவியின் சிப்பை அடையாளம் காணும் பூட்டு. எலி கடித்த ஒயரும் இந்தப் பட்டியலில் உண்டு. இவை பெரும்பாலும் விளக்குப் போட்டுத் தேடினால் கிடைத்துவிடும் கோளாறுகள். மூளைக்கு வேலை தருபவை அல்ல.

மூளைக்கு வேலை தருவது தடித்த கேபிளின் வழி. அதற்குக் கைக்காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, எதிரே சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தபடி சாவியைத் திருப்ப வேண்டும். சில கார்களில் செல்ஃப் அடிக்கும்போது ஹெட்லைட் தானே அணைந்துகொள்ளும். அவற்றில் உள்விளக்கைப் பார்த்தால் போதும். வெளிச்சம் அப்படியே நின்றால் பெரிய கரண்ட் ஓடவே இல்லை என்று அர்த்தம். சோலனாய்டையோ அதற்கு வரும் ஒயரையோ பார்க்கலாம். வெளிச்சம் அடியோடு செத்துப்போய், சாவியை விட்டதும் மெல்ல மீண்டு வந்தால் பேட்டரி காலி, அல்லது பேட்டரியின் தலையிலேயே மூட்டு சரியில்லை. வெளிச்சம் நன்றாக மங்கி, எஞ்சின் சுழலாமல் ஒரு முனகல் மட்டும் கேட்டால் கரண்ட் போகிறது, மோட்டார் வாங்குகிறது, ஆனால் சுழற்ற முடியவில்லை: மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கிறது.

பட்டறைகளில் இதற்குப் பதிலாக இரண்டு ஒயர் மாட்டிய ஒரு பல்பைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள். ஒரு முனையை எர்த்தில் வைத்து மறுமுனையால் தொட்டுப் பார்த்து, பல்பு எரிந்தால் கரண்ட் வருகிறது என்று முடிவு கட்டுவது. மெல்லிய ஒயர்களுக்கு இந்தச் சோதனை நல்லது. செல்ஃப் மோட்டாரின் கேபிளுக்கு இது பொய் சொல்லும். கணக்கைப் பாருங்கள். பேட்டரித் தலையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்த கிளாம்ப் ஒன்று 0.03 ஓம் தடை தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் பல்பு எடுப்பது 0.4 ஆம்பியர். பெருக்கினால் அந்த மூட்டில் இழக்கப்படுவது 0.012 வோல்ட்; பல்பு பளிச்சென்று எரியும். அதே மூட்டின் வழியே 100 ஆம்பியர் ஓட வேண்டி வந்தால் 3 வோல்ட் அங்கேயே தங்கிவிடும். மோட்டாருக்குக் கிடைப்பது மீதிதான். ஓம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தும் இதைப் பிடிக்க முடியாது. சாதாரண மீட்டர் காட்டும் மிகச் சிறிய அளவு 0.1 ஓம், அதன் இரண்டு ஒயர்களின் தடையே அதைவிட அதிகம்.

அப்படியானால் எப்படிப் பிடிப்பது? ஓமை விட்டுவிட்டு வோல்ட்டை அளக்க வேண்டும், அதுவும் செல்ஃப் அடிக்கும்போது. மீட்டரை 20 வோல்ட் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் ஈயக் குமிழின் மேலேயே குத்த வேண்டும், கிளாம்பின் மேல் அல்ல. மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்த வேண்டும். இப்போது மீட்டர் பூஜ்யம் காட்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறார். மீட்டர் 0.2 வோல்ட் காட்டினால் எர்த் வழி சுத்தம். 2 வோல்ட், 3 வோல்ட் என்று ஏறினால் திருடன் அந்த வழியில்தான் இருக்கிறான். பிறகு மீட்டர் முனையை ஒவ்வொரு மூட்டாக நகர்த்த வேண்டும்: குமிழிலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து கேபிள் காதுக்கு, காதிலிருந்து பாடிக்கு, பாடியிலிருந்து எஞ்சினுக்கு. எந்த இரண்டு புள்ளிக்கு நடுவில் எண் குதிக்கிறதோ அங்கே கோளாறு. பிளஸ் பக்கமும் இதே முறைதான். அங்கே மொத்த இழப்பு அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பேட்டரியைச் சோதிக்க அதன் இரு குமிழ்களுக்கும் நடுவே வைத்துச் செல்ஃப் அடித்துப் பார்க்க வேண்டும். 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் நின்றால் பேட்டரியைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

மீட்டர் இல்லாத இடத்தில் கையே மீட்டர். ஐந்தாறு நொடி முயன்ற பிறகு மூட்டுகளைத் தொட்டுப் பார்த்தால் கெட்ட மூட்டு சுடும். 100 ஆம்பியரும் 3 வோல்ட்டும் சேர்ந்தால் 300 வாட். அத்தனையும் ஒரு விரலளவு உலோகத்தில் சூடாக இறங்குகிறது. தொடுவதற்கு முன் கையிலிருக்கும் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றுவது நல்லது. பிளஸுக்கும் பாடிக்கும் நடுவே தங்க மோதிரம் மாட்டினால் அது ஒரு நொடியில் பழுக்கும்.

எர்த் வழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோர் பார்க்காமல் விடுவது அதைத்தான். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே எஞ்சினையும் பாடியையும் இணைக்கப் பின்னல் போன்ற ஒரு எர்த் பட்டை உண்டு. கிளட்ச் வேலை பார்க்கும்போது அதைக் கழற்றிவிட்டு மாட்ட மறந்துபோவதும், புதிதாகப் பெயின்ட் அடித்த பாடியில் பெயின்டின் மேலேயே போல்ட்டை முடுக்குவதும் நடக்கிறது. அப்போது நூறு ஆம்பியர் கரண்ட் எப்படியாவது திரும்பிப் போக வழி தேடும். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள் எதுவானாலும் சரி. செல்ஃப் அடித்த பிறகு கிளட்ச் கேபிள் சுடுகிறது, அடிக்கடி இறுகிப் போகிறது என்று வரும் வண்டிக்குக் கேபிளை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. மாற்ற வேண்டியது எர்த் பட்டை.

பேட்டரிக்கும் அதற்குரிய பழியைக் கொடுத்தாக வேண்டும். ஈயமும் ஈய ஆக்சைடும் கந்தக அமிலத்தில் நிற்கும் இந்த ஏற்பாட்டை 1859-இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். அடிப்படை இன்றும் அதேதான். ஒரு அறைக்கு 2.1 வோல்ட் வீதம் ஆறு அறை சேர்ந்தால் 12.6 வோல்ட். வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 காட்டினால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே வந்தால் கிட்டத்தட்டக் காலி. பேட்டரி டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் குளிர் ஸ்டார்ட் ஆம்பியர் என்ற எண் மைனஸ் 18 டிகிரியில் அளக்கப்படுவது. சேலத்தில் அந்தக் குளிரை யாரும் பார்க்கப்போவதில்லை. நம் பிரச்சினை நேர் எதிர். சித்திரை வெயிலில் சேலம் 40 டிகிரியைத் தொடும்போது பானட்டுக்குள் அதைவிடப் பல டிகிரி கூடுதல். வேதிவினைகளின் வேகம் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பழைய விதி. தகடுகளை அரிக்கும் வினைக்கும் அது பொருந்தும். வெயில் பேட்டரிக்குள் தண்ணீரைக் குறைத்து, பிளஸ் தகட்டின் சட்டத்தை அரித்துவிடுகிறது. சேதம் வெளியே தெரிவது மார்கழியில். குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு, சுழற்ற இன்னும் அதிக பலம் தேவைப்படும்போது, வெயிலில் பாதி செத்த பேட்டரி கையை விரிக்கும். ஏற்காடு போய் ஒரு ராத்திரி தங்கியவர்களின் வண்டி காலையில் எடுக்காமல் போனால் மலையைக் குறை சொல்வார்கள். சித்திரையிலேயே அது முடிந்துபோன கதை.

மூடி திறக்கும் பேட்டரிகளில் தண்ணீர் குறையும்போது டிஸ்டில்டு வாட்டர்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்குப் போர் தண்ணீரை ஊற்றுகிறவர்கள் இந்தப் பக்கம் அதிகம். ஆழத்துப் பாறையிலிருந்து வரும் உப்புத் தண்ணீரில் உள்ள குளோரைடும் இரும்பும் தகடுகளைக் கெடுத்து, பேட்டரி தானாகவே காலியாகும் வேகத்தைக் கூட்டும். ஓடாமல் நிற்கும் காருக்கும் செலவு உண்டு. கடிகாரம், அலாரம், ஜி.பி.எஸ். கருவி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் எடுத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணிப் பேட்டரி மூன்று வாரத்தில் முக்கால்வாசி காலி. 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு முடிந்து வண்டியை வெளியே எடுக்கப் போனவர்களுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லாமலே விளங்கியது.

லாரிக்காரர்களின் கணக்கு கொஞ்சம் மாறுபட்டது. லாரியில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். ஒரே சக்திக்கு வோல்டேஜ் இரட்டித்தால் கரண்ட் பாதி. கேபிளில் வீணாகும் சூடு கால்வாசி. பெரிய டீசல் எஞ்சினைச் சுழற்ற இது அவசியம். இதில் டிரைவர்கள் செய்யும் ஒரு காரியம் பேட்டரிக்கு எமன். பாட்டுப் பெட்டிக்கும் சின்ன ஃபேனுக்கும் 12 வோல்ட் வேண்டும் என்று இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். சார்ஜ் இரண்டுக்கும் சமமாகப் போகிறது, செலவு ஒன்றிலிருந்து மட்டும். இழுக்கப்பட்ட பேட்டரி என்றும் நிறையாமல் கிடந்து சல்பேட் படிந்து கெடும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும். ஒன்றைப் புதிதாக மாற்றிவிட்டு மற்றதைப் பழையதாக விட்டாலும் இதே சண்டைதான். மாற்றினால் இரண்டையும் மாற்றுவதே லாபம்.

நெடுஞ்சாலையில் நின்றுபோன காருக்கு உதவ லாரிக்காரர்கள் தயங்குவதில்லை. கார் 12 வோல்ட், லாரி 24 வோல்ட் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. லாரியின் இரண்டு பேட்டரிகளும் சேர்ந்த முனைகளை அப்படியே காருக்குக் கொடுத்தால் காரின் கன்ட்ரோல் யூனிட் முதலில் பலியாகும். லாரி எஞ்சினை அணைத்துவிட்டு, மைனஸ் சேசிஸில் இணைந்திருக்கும் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். கடைசியாக மாட்டும் மைனஸ் கேபிளைக் காரின் பேட்டரியில் மாட்டாமல் எஞ்சின் இரும்பில் மாட்ட வேண்டும். பேட்டரி வாயில் ஹைட்ரஜன் இருக்கும். அங்கே பறக்கும் ஒரு பொறி போதும், டப்பா வெடித்து அமிலம் முகத்தில் அடிக்கும்.

இன்னொரு விசித்திரக் கோளாறு சூட்டில் மட்டும் வரும். கரூரிலிருந்து மதிய வெயிலில் ஓடி வந்த வண்டியை டீக்கடையில் நிறுத்தி, கால்மணி கழித்துச் சாவி போட்டால் ஒரு சத்தமும் இருக்காது. அரைமணி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும். எஞ்சின் நின்றதும் காற்றோட்டம் நின்று, சைலன்சர் குழாயின் சூடு அருகிலிருக்கும் சோலனாய்டில் ஏறுகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். 70 டிகிரி ஏறினால் கால் பங்குக்கு மேல். சுருளில் கரண்ட் குறைந்து, இழுக்கும் பலம் குறைந்து, ஏற்கெனவே துருவேறிய தண்டு நகர மறுக்கும்.

ஃப்ளைவீல் ரிங்கும் ஒரு வேடிக்கையான பொருள். நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது எங்கே வேண்டுமானாலும் நிற்காது. கம்ப்ரஷனில் முட்டி, சற்றே பின்வாங்கி, எப்போதும் அரைச் சுற்று இடைவெளியில் இரண்டே இடங்களில்தான் வந்து நிற்கும். ஆகவே பெண்டிக்ஸ் மோதுவதும் ரிங்கின் அதே இரண்டு இடங்களில்தான். லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிய வண்டியின் ரிங்கைக் கழற்றிப் பார்த்தால் மற்ற பற்கள் புதிதுபோல இருக்க, எதிரெதிரே இரண்டு இடங்களில் மட்டும் மொட்டையாகியிருக்கும். கியரில் போட்டு வண்டியை ஒரு முழம் முன்னும் பின்னும் அசைத்ததும் செல்ஃப் எடுத்தால் நோய் இதுதான். மெக்கானிக்குகள் ரிங்கைச் சூடேற்றி விரியவைத்துக் கழற்றி, புரட்டி மறுபடி மாட்டுவார்கள். தேயாத பக்கம் இப்போது பெண்டிக்ஸுக்கு முகம் கொடுக்கும்.

எல்லாம் போனால் தள்ளு ஸ்டார்ட் என்று ஒரு தைரியம் நமக்கு எப்போதும் உண்டு. பழைய லாரி டீசல் எஞ்சினுக்கு அது சரி. பம்ப் இயந்திரமாகவே ஓடியதால் ஒருமுறை பற்றிக்கொண்டால் மின்சாரமே வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் கட்டாயமான பி.எஸ். 6 வண்டிகளில் கம்ப்யூட்டர் விழித்திருந்தால்தான் இஞ்செக்டர் திறக்கும். பேட்டரி அடியோடு காலியான அத்தகைய வண்டியை எத்தனை பேர் தள்ளினாலும் கிளம்பாது. ஆட்டோமேட்டிக் காரைத் தள்ளுவதும் வீண்.

கடைசியாக, வோல்டேஜ் சரி, மூட்டுகள் சரி, மோட்டாரும் சரி, ஆனாலும் செல்ஃப் ஒரு முனகலோடு நின்றுவிடும் வண்டி. மழையில் சப்வேயில் தேங்கிய தண்ணீரில் இறங்கிய கார் என்றால் அதற்கு மேல் மின்சாரத்தைத் தேடக் கூடாது. காற்று வரும் வழியாகச் சிலிண்டருக்குள் தண்ணீர் ஏறியிருக்கும். காற்றைப் பத்தில் ஒன்றாக நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களுக்குச் சாவி போட வேண்டாம் என்று கார் நிறுவனங்கள் வாடிக்கையாளர்களை எச்சரித்தது இதற்காகத்தான். பக்கத்து வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்தோ, கியரில் போட்டுத் தள்ளியோ வற்புறுத்தினால் தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும். வளைந்த ராடோடும் சில எஞ்சின்கள் ஓடிவிடும், அதுதான் பெரிய ஆபத்து. பின்னொரு நாள் நெடுஞ்சாலை வேகத்தில் ராடு முறிந்து பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பெட்ரோல் வண்டியில் எல்லா ஸ்பார்க் பிளக்கையும், டீசலில் குளோ பிளக்கையோ இஞ்செக்டரையோ கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். துளைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி வெளியேறி, எஞ்சின் தடங்கலில்லாமல் சுழன்ற பிறகே சாவியைத் தொடலாம்.